குளித்துத் தீர்க்க வேண்டிய கிணறு

அல் ஐன் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பி, டயர்க் கடைகளையும் மரப்பட்டறைகளையும் தாண்டிப் போனால் ஒரு தொழிலாளர் கேம்ப் வரும். அந்தக் கேம்பின் குளியலறைக் குழாய்களைப் போலப் பளபளக்கும் குழாய்கள் அந்தத் தொழிற்பேட்டையிலேயே கிடையாது. காரணம், மதிலுக்கு அந்தப் பக்கம் முன்பு ஒரு முலாம் பூசும் தொழிற்சாலை இருந்தது. குழாய், கதவுக் கைப்பிடி, கார் பம்பர் என்று கிடைத்ததையெல்லாம் குரோமியக் கரைசலில் முக்கி எடுத்து வெள்ளி மாதிரி ஆக்கி அனுப்பினார்கள். மிஞ்சிய கரைசலைப் பின்பக்கம் மணலில் ஊற்றினார்கள். மணல் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் தொழிற்சாலையை மூடிவிட்டு முதலாளி எந்த நாட்டுக்கோ போய்ச் சேர்ந்தார். விற்காமல் கிடந்த குழாய்களை மட்டும் போகிற போக்கில் கேம்புக்குத் தள்ளிவிட்டுப் போனார். அந்தக் குழாய்களைத் திறந்தால் இப்போது மஞ்சள் தண்ணீர் வருகிறது.

கேம்புக்குப் பொறுப்பாளர் வல்லிபுரம். பருத்தித்துறைக்காரர். எல்லோரும் அவரை கேம்ப் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்; அதிகாரம் என்று பார்த்தால் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்துதான். யாருக்கு எந்தக் கட்டில், எந்த அறையில் ஏசி ஓடவில்லை, யார் யாருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனார் என்பதெல்லாம் அவர் தலையில் விடியும். குடிக்கப் பெரிய பெரிய போத்தல்களில் தண்ணீர் வந்துவிடும். குளிக்க, துவைக்க, கழுவக் கிணற்றுத் தண்ணீர். அந்தக் கிணறு தொழிற்சாலை மதிலை ஒட்டி இருந்தது.

முதலில் வெள்ளைச் சட்டைகள் மஞ்சளாயின. யாரும் கவலைப்படவில்லை, கேம்பில் வெள்ளைச் சட்டைக்கு என்ன வேலை? பிறகு அரிப்பு வந்தது. பிறகு சுரேஷ்குமாரின் கைகளில் புண் வந்தது.

சுரேஷ்குமார் நாங்குநேரிப் பக்கத்துப் பெயின்டர். கல்யாணமாகி நெடுநாள் கழித்து ஊரில் அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. வீடியோ காலில் மட்டும்தான் பார்த்திருக்கிறான். போனை முழங்கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு பேசுவான்; விரல் மனைவியின் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம். லீவு கிடைத்துவிட்டது. ஆனால் போக மனமில்லை.

"பிள்ளையத் தூக்குற கையா அண்ணாச்சி இது?" என்று ஒருநாள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். விரல் இடுக்குகளில் தோல் வெந்து, நடுவில் குழிகுழியாக இருந்தது. "டாக்டர் களிம்பு குடுத்தாரு. களிம்பு போட்டுட்டு இந்தத் தண்ணியிலதான கழுவுதேன்."

அன்றைக்கே வல்லிபுரம் புகார் கொடுக்கக் கிளம்பினார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: குளியலறைக்கு இந்தக் கிணற்றிலிருந்து வரும் இணைப்பைத் துண்டித்துவிட்டு, முனிசிப்பல் தண்ணீர் தர வேண்டும். சுரேஷ்குமார் லீவுக்குப் போவதற்குள்.

அங்கே நிலத்தடி நீர் மீட்பு மற்றும் மகிழ்ச்சி ஆணையம் என்று ஒன்று உண்டு. முதலில் மீட்பு மட்டும்தான் இருந்தது. மீட்பு தாமதமாகும் என்று அனுபவத்தில் தெரிந்துகொண்ட யாரோ மகிழ்ச்சியைப் பிறகு சேர்த்தார்கள். கண்ணாடிக் கட்டடம். உள்ளே செயற்கை அருவி. வரவேற்பில் ஒரு திரை. அதில் சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம். புகாரைக் கொடுத்துவிட்டுப் போகும்போது ஒரு முகத்தை அமுக்க வேண்டும்.

வல்லிபுரம் அழும் முகத்தை அமுக்கினார். உடனே உள்ளேயிருந்து ஒரு பெண் பதறிக்கொண்டு வந்தாள். நாற்காலி வசதியாக இல்லையா, ஏசி அதிகமா என்று கேட்டாள். பேரீச்சம்பழமும் ஏலக்காய் போட்ட கோப்பியும் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு, "இப்போது மறுபடி அமுக்கிப் பாருங்களேன்" என்றாள். கோப்பி குடித்த வாயோடு எப்படி அழும் முகத்தை அமுக்குவது? வல்லிபுரம் மரியாதை தெரிந்த மனிதர். சிரிக்கும் முகத்தை அமுக்கிவிட்டு வந்தார்.

காத்திருந்து காத்திருந்து போன் செய்தபோதுதான் தெரிந்தது, அவருடைய புகார் அன்றைக்கே தீர்த்துவைக்கப்பட்டுவிட்டது. புகார்தாரர் மிகவும் மகிழ்ச்சியோடு திரும்பினார் என்று பதிவாகியிருந்தது.

இரண்டாவது முறை அவர் கோப்பி குடிக்கவில்லை. அழும் முகத்தை விட்டு விரலை எடுக்கவும் இல்லை. அதன் பிறகுதான் இர்ஷாத் வந்தார்.

இர்ஷாத் கீழக்கரைப் பிள்ளை. ஆணையத்தில் சமூகத் தொடர்பு அலுவலர். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட். கெட்டவர் என்று சொல்லவே முடியாது. அதுதான் பெரிய சங்கடம். கூட வந்தவர்கள் கிணற்றுத் தண்ணீரைச் சின்னச் சின்னப் புட்டிகளில் பிடித்துக்கொண்டு போனார்கள். முடிவு வந்ததும் இர்ஷாத் நேரிலேயே ஓடி வந்தார்.

"அண்ணே, நல்ல செய்தி. உங்க தண்ணியில குரோமியம் இருக்கு. எக்கச்சக்கமா இருக்கு."

"உதிலை என்ன தம்பி நல்ல செய்தி?"

"இல்லன்னு வந்திருந்தா ஃபைல மூடியிருப்பாங்கண்ணே. இப்ப நீங்க எங்க மீட்புத் திட்டத்துக்குள்ள வந்துட்டீங்க. கேட்டுல போர்டு வைக்கப் போறோம்."

"போர்டு கிடக்கட்டும். கிணத்தை மூடிப்போட்டு எங்களுக்கு முனிசிப்பல் லைனைத் தாருங்கோ."

இர்ஷாத் குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "மூடுனா எப்படிண்ணே சுத்தமாகும்? கெட்ட தண்ணிய எடுக்க எடுக்கத்தான் கிணறு சுத்தமாகும். உலகம் பூரா அப்படித்தான்."

"அப்ப மெசின் வைச்சு எடுங்கோவன்."

"எடுத்து எங்க கொட்டறது? அது விஷத் தண்ணி. கொட்டணும்னா சுத்திகரிப்பு நிலையம் கட்டணும், பெர்மிட் வாங்கணும், அதுக்கு ஒரு கமிட்டி உக்காரணும். ஆனா ஒருத்தர் அதுல குளிச்சிட்டாருன்னு வைங்க. அப்புறம் அது குளிச்ச தண்ணி. குளிச்ச தண்ணிக்கு பெர்மிட்டே தேவையில்ல."

"மனுசன்ரை உடம்பிலை பட்டா விஷம் போயிடுமோ?"

"சட்டப்படி போயிடும்ண்ணே" என்றார் இர்ஷாத்.

இப்படியாகத்தான் அந்தக் கேம்ப் ஆணையத்தின் மீட்புப் பங்காளி ஆயிற்று. கிணற்று மோட்டாரில் ஒரு மீட்டரைப் பூட்டினார்கள். எவ்வளவு தண்ணீர் எடுக்கப்படுகிறது என்று அது ஆணையத்தின் பெரிய திரைக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். இலக்கை எட்டினால் பச்சை, எட்டாவிட்டால் சிவப்பு. டைரக்டரின் அறையில் அந்தத் திரை நாள் முழுவதும் எரிந்துகொண்டிருக்குமாம். குளியலறைச் சுவரில் 'நான் குளிக்கிறேன், பூமி குணமாகிறது' என்று இந்தி, உருது, வங்காளி, மலையாளம், தமிழ் எல்லாவற்றிலும் எழுதி ஒட்டினார்கள். படத்தில் ஒரு வெள்ளைக்காரர் நுரையோடு சிரித்தார்.

கோடை முழுக்கப் பச்சை எரிந்தது. வேர்த்து விறுவிறுத்து சைட்டிலிருந்து வருகிறவன் குளிக்காமல் என்ன செய்வான்? குளிர்காலம் வந்ததும் பிரச்சினை வந்தது. ஆட்கள் குளியலைத் தள்ளிப்போட்டார்கள். திரை சிவந்தது. ஆணையத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து, வேலை முடிந்து வந்தவர்களை உட்காரவைத்து, எப்படிக் குளிப்பது என்று ஸ்லைடு போட்டு வகுப்பெடுத்தார். தலையிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். அவசரப்படக் கூடாது என்றார். இருபது வருடமாகப் பாலைவனத்தில் பூச்சு வேலை செய்கிறவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முடிவில் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். சுரேஷ்குமார் அதை விரல் நுனியால் வாங்கிக்கொண்டான். அவனுடைய லீவை அவனே ஒருமுறை தள்ளிப்போட்டிருந்தான்.

வல்லிபுரத்துக்கு ஒரு சந்தேகம் மட்டும் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. இர்ஷாத்தைக் கையோடு குளியலறையின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, இந்தப் பைப்பைப் பாருங்கோ. குளிச்ச தண்ணி இதாலை வந்து இந்தக் குழிக்குள்ளை போகுது. குழிக்கு அடியிலை சீமெந்து இல்லை, வெறும் மணல். கிணறு எங்கை இருக்கு? உந்தா இருக்கு. அப்ப எடுத்த தண்ணி திரும்ப எங்கை போகுது?"

இர்ஷாத் குழியைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். மறுபடி குழியைப் பார்த்தார்.

"எடுக்கறதுதாண்ணே எங்க டிபார்ட்மென்ட். போறது வடிகால் டிபார்ட்மென்ட்."

"அவை எங்கை இருக்கினம்?"

"எங்க மாடியிலதான். காப்பி மெஷினுக்கு அந்தப் பக்கம்."

"ஒருக்காப் போய்ச் சொன்னா என்ன?"

"அவங்களுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லண்ணே. போன வருஷம் விருது எங்களுக்குக் கிடைச்சிடுச்சி."

எவ்வளவு எடுத்தாலும் கிணறு வற்றவில்லை. இதை 'இயற்கையின் முழு ஒத்துழைப்பு' என்று ஆணையம் ஆண்டறிக்கையில் எழுதியது. அந்த அறிக்கைக்கும் ஒரு விருது கிடைத்தது. விருதைப் பங்காளிகளோடு பகிர்ந்துகொள்வதற்காக டைரக்டரே கேம்புக்கு வருவதாக முடிவாயிற்று.

முற்றத்தில் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். கூடாரம் போட்டார்கள். குளியலறைக் குழாய்களை எலுமிச்சை தேய்த்துத் துடைக்க ஆள் வந்தது. டைரக்டர் அப்படி அழகாகப் பேசுவார் என்று வல்லிபுரம் எதிர்பார்க்கவில்லை. இர்ஷாத் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"மற்ற நாடுகள் இந்த வேலையை இயந்திரங்களிடம் கொடுத்துவிட்டன. இயந்திரம் பழுதாகும். இயந்திரத்துக்கு உதிரிபாகம் வேண்டும். நாங்கள் மனிதனை நம்பினோம். மனிதன் தானாகவே அழுக்காகிறான். தானாகவே குளிக்கிறான். பழுதானால் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு இன்னொருவனை வரவழைத்துக்கொள்ளலாம். இதைவிட நிலைத்து நிற்கும் தொழில்நுட்பம் உலகில் உண்டா? இந்தக் கேம்பைப் பாருங்கள். இங்கே வடிகட்டியும் இல்லை, ரசாயனமும் இல்லை. இவர்கள்தான் எங்கள் வடிகட்டி!"

பின்வரிசையிலிருந்து சிலர் கைதட்டினார்கள். பிரியாணி வாசனை வந்துவிட்டிருந்தது.

ஆணையத்தின் ஏற்பாட்டில் சஹன் தட்டில் பிரியாணி. பெரிய தட்டைச் சுற்றி டைரக்டரும் தொழிலாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து கையால் சாப்பிடுவதைப் படமெடுக்க வேண்டும் என்பது திட்டம். திட்டம் போட்டவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள், ஒன்றைத் தவிர. கையால் சாப்பிட வேண்டும் என்றால் முதலில் கை கழுவ வேண்டும்.

வல்லிபுரம் அவர்களைக் குளியலறைக்கு அழைத்துப்போனார். டைரக்டர் குழாய்களின் பளபளப்பைப் பார்த்து வியந்தார். ஒன்றைத் திறந்தார். மஞ்சளாகக் கொட்டியது. நீட்டிய கை அப்படியே நின்றது. குழாயைப் புறங்கையால் தட்டி மூடிவிட்டு இர்ஷாத்தைத் திரும்பிப் பார்த்தார். இர்ஷாத் கேமராக்காரரைப் பார்த்தார். கேமரா தரையைப் பார்த்துத் திரும்பியது. காரிலிருந்து ஒரு பெட்டி மினரல் வாட்டர் ஓடி வந்தது. டைரக்டர் போத்தலைத் திறந்து கை கழுவினார். துணை டைரக்டர் கழுவினார். குளிக்கச் சொல்லிக்கொடுத்த பயிற்சியாளரும் கழுவினார். கடைசியில், யாரையும் பார்க்காமல், இர்ஷாத்தும் கழுவினார்.

துடைக்கத் துண்டு வைத்துக்கொண்டு நின்றவன் சுரேஷ்குமார். டைரக்டர் துண்டைப் பார்த்தார். துண்டைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார். பிறகு கைகளைக் காற்றில் உதறியே காயவைத்துக்கொண்டு பிரியாணிக்குப் போனார்.

எல்லோரும் போன பிறகு சுரேஷ்குமார் துண்டை மடித்தான். "அண்ணாச்சி, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

இத்தனை நாளும் அவர்களுக்கு விளங்கவில்லை, விளங்கப்படுத்தினால் சரியாகிவிடும் என்றுதான் வல்லிபுரம் நினைத்துக்கொண்டிருந்தார். பிரியாணி சாப்பிடப் போகவில்லை. ஆட்களைக் கூட்டிப் பேசினார். எல்லோரும் சரி என்றார்கள். பக்கத்துப் பள்ளிவாசல் குழாயில் வாளி வாளியாகப் பிடித்துச் சமாளிப்பது என்று முடிவாயிற்று. அன்று மாலை கிணற்று மோட்டாரை நிறுத்தி, அறையைப் பூட்டி, சாவியைக் கொத்திலிருந்து கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

புகார் கொடுத்தபோது பருவங்கள் மாறும்வரை வராத ஆணையம், மறுநாள் காலையில் அவர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் வந்துவிட்டது. மேலே விளக்கு சுழலும் வேனிலிருந்து இர்ஷாத் குதித்து இறங்கினார்.

"என்னண்ணே ஆச்சு? திரை பூரா சிவப்பு! டைரக்டர் சாப்பிடக்கூட இல்ல."

"ஒண்டும் இல்லைத் தம்பி. பொடியள் எல்லாரும் சுத்தமாகிட்டினம். இனிக் குளிக்கத் தேவையில்லையாம்."

இர்ஷாத் கெஞ்சினார். பிறகு மிரட்டினார். பங்காளி ஒப்பந்தம் என்றார், கம்பெனிக்கு எழுதுவோம் என்றார். பிறகு மறுபடி கெஞ்சினார். வல்லிபுரம் ஒரே பாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "லைனைத் தாருங்கோ, மோட்டரைப் போடுறன்." இர்ஷாத் வேனுக்குள் போய் நெடுநேரம் போனில் பேசிவிட்டு வந்து, சரி என்று தலையை ஆட்டினார்.

முனிசிப்பல் குழாய் கேம்பின் கேட்டுக்கு முன்னால் சாலையோரமாகவே போய்க்கொண்டிருந்தது. இத்தனை காலமும் அங்கேதான் இருந்தது. அதிலிருந்து ஒரு கிளை இழுத்து, பழைய குளியலறைக்கு எதிர்ப்பக்கம் பிளாஸ்டிக் குழாய்களைப் பூட்ட ஒரு பகல் போதுமாயிருந்தது. சுரேஷ்குமார்தான் முதலில் குளித்தான். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது ஈரக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தான். நாளடைவில் புண்கள் காயத் தொடங்கின. டிக்கெட் போட்டான். வல்லிபுரம் அந்தச் சில நாட்கள் தரையில் கால் படாமல் நடந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த பிறகு, கேட்டுக்கு வெளியே இரண்டு பஸ்கள் வந்து நின்றன. தோளில் துண்டும் கையில் சோப்புப் பெட்டியுமாக ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். முன்னால் இர்ஷாத்தின் கார் நின்றது.

"ஆர் தம்பி உவை?"

"பக்கத்து கேம்ப் ஆளுங்கண்ணே. குளிக்க வந்திருக்காங்க." இர்ஷாத் கண்ணாடியைப் பாதி மட்டும் இறக்கினார். "டார்கெட்ட விட முடியாதுல்ல? உங்க ஆளுங்க புது லைன்ல குளிக்கறாங்க. கிணத்துல யாராவது குளிக்கணுமே."

"அவையின்ரை கையிலையும் புண் வருமே!"

"அண்ணே, நீங்க கேட்டது உங்க ஆளுங்களுக்குத்தானே?"

உண்மைதான், வல்லிபுரம் அப்படித்தான் கேட்டிருந்தார். மோட்டாரைப் போடுவதாக வாக்குக் கொடுத்ததும் அவர்தான். எந்த மகிழ்ச்சி முகத்தையும் அமுக்காமலேயே இந்த முறையும் அவரைச் சிரிக்கவைத்து அனுப்பிவிட்டார்கள். அவருக்குத் தன் மீதே வெறுப்பு வந்தது.

பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கியவர் நரைத்த தாடிக்காரர், பெஷாவர் பக்கத்து மனிதராக இருக்க வேண்டும். வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு, ஓய்வு நாளில் எதற்காக இன்னொரு கேம்புக்குக் குளிக்கக் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று புரியாத முகம். சாவிக்கொத்தைப் பார்த்ததும் வல்லிபுரத்திடம் வந்தார்.

"பாய், பானி அச்சா ஹை?"

தண்ணீர் நல்லதுதானே என்று இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை. ஆணையத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

"யே மாஃபி அச்சா, பாய்", நல்லதில்லை என்று பழைய குளியலறையைக் காட்டினார் வல்லிபுரம். "உதர் ஜாவ்." புதுக் குழாய்களின் பக்கம் கையை நீட்டினார். அவர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போனார்கள். சுரேஷ்குமார் ஓடிப்போய் வரிசையை ஒழுங்குபடுத்தினான்.

வல்லிபுரம் மோட்டாரைப் போட்டார். பழைய குளியலறைக்குள் போய், பளபளத்த குழாய்களை ஒன்றுவிடாமல் முழுக்கத் திறந்துவிட்டார். மஞ்சள் தண்ணீர் வெறுந்தரையில் கொட்டிச் சாக்கடைக்குள் ஓடியது. வெளியே வந்து, கதவைச் சாத்தி, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டார். சட்டப்படி பார்த்தால் அவர் இப்போது விஷத் தண்ணீரைப் பெர்மிட் இல்லாமல் கொட்டும் குற்றவாளி. அந்தத் தண்ணீர் குழிக்குப் போய், குழியிலிருந்து மணலுக்குப் போய், மறுபடி கிணற்றுக்கே வந்து சேரும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் நடுவில் யாருடைய கையும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. கேட்டுக்கு வெளியே, ஏசி போட்ட காருக்குள்ளிருந்து இர்ஷாத்.

"அண்ணே, மாஷா அல்லாஹ்! இன்னைக்கு ரெக்கார்டு. இவ்ளோ பச்சையா பார்த்ததே இல்லன்னு டைரக்டர் சொல்றார். எத்தனை பேர் குளிச்சாங்கன்னு கேக்குறார்."

"கிணத்துத் தண்ணியிலை ஒருத்தரும் குளிக்கேல்லைத் தம்பி."

கார்க் கண்ணாடி வழியாக இர்ஷாத் இந்தப் பக்கம் பார்ப்பது தெரிந்தது. நாற்காலியையும், சாத்திய கதவையும், எதிரே வரிசையில் நிற்கும் துண்டுகளையும் பார்த்திருப்பார்.

"அண்ணே" என்றார், குரலைத் தாழ்த்தி. "அத நான் கேக்கல. எத்தனை பேருன்னு மட்டும்தான் கேட்டேன்."

"உங்களுக்கு எத்தினை வேணும்?"

"ரெண்டு பஸ்ஸுக்கும் சேர்த்துப் போட்டுக்கறேன்." இர்ஷாத் பெருமூச்சு விட்டது கேட்டது. "டைரக்டருக்கு ரொம்ப சந்தோஷம்ண்ணே. அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் நாலு பஸ் அனுப்பச் சொல்லியிருக்கார்."

வல்லிபுரம் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து போய், புதுக் குழாய்களுக்குப் பக்கத்தில் இன்னும் எத்தனை பேர் நிற்க இடமிருக்கிறது என்று அளந்து பார்த்தார்.